கழற்றுகிற பல்லா, கழற்றாத பல்லா?

'பல்லு போனா சொல்லு போச்சு' என்று பெரியவர்கள் சொல்வதைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதன் அர்த்தத்தை எனக்குப் புரிய வைத்தவர் என் மாமியார்தான்.

மாமியாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். தேரடிப் பக்கம் வீடு. மார்கழி பிறந்துவிட்டால் இருட்டோடு எழுந்து குளித்து, ஆண்டாள் கோயிலுக்குப் போய், தெருப் பெண்களோடு உட்கார்ந்து திருப்பாவை முப்பதையும் சொல்லி முடித்த பிறகுதான் அவர் வாயில் காப்பி படும். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு வருஷம் தவறியதில்லை. அப்படிப்பட்டவர் 2022 மார்கழியில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "பனி ஒத்துக்கலே" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம்.

தை மாசம் நான் ராஜபாளையத்திலிருந்து போயிருந்தபோது, அடுப்படியில் தனியாக இருக்கையில் மெதுவாகச் சொன்னார்: "பனியுமில்லை, ஒண்ணுமில்லை தாயி. வாயைத் திறந்து ராகமா இழுத்தா கீழ்ப்பல்லு எழும்பி நாக்கு மேலே வந்து உக்காருது. நாலு பேர் முன்னாலே கையை வச்சு அமுக்கிக்கிட்டா பாசுரம் சொல்ல முடியும்?"

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஏழெட்டு வருஷமாகப் பல் செட் போட்டிருக்கிறார். சாப்பாடு குழைவாகக் கேட்பார், முறுக்கைத் தொட மாட்டார். பால்கோவா ஊரில் இருப்பதால் பல்லில்லாமலும் பிழைத்துக் கொள்கிறேன் என்று தமாஷ் பண்ணுவார். இவ்வளவு சங்கடப்படுகிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் அதே 2022-இல்தான் ராஜபாளையத்தில் என் அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இம்ப்ளாண்ட் வைத்துப் பல் கட்டியிருந்தோம். அம்மாவுக்குச் செய்தது கழற்ற முடியாதது. அடுத்த வருஷம் அத்தைக்குச் செய்தது கழற்றி மாட்டுவது. இரண்டையும் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன். நான் டாக்டர் இல்லை, பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனால் டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டதை உங்களுக்குச் சொல்லலாம் அல்லவா?

கீழ்ப்பல் ஏன் ஆடுகிறது?

மேல்தாடைக்குச் செய்யும் செட், அண்ணம் முழுவதையும் மூடிக் கொண்டு உறிஞ்சிப் பிடித்தாற்போல் நிற்கும். கீழே அந்த வசதி கிடையாது. குதிரை லாடம் மாதிரி ஒரு குறுகலான ஈறு, நடுவில் ஓயாமல் அசைகிற நாக்கு. அதோடு, பல் எடுத்த இடத்தில் எலும்புக்கு வேலை இல்லாமல் போவதால் அது வருஷா வருஷம் கரைந்து கொண்டே வருகிறது. கீழ்த்தாடையில் இந்தக் கரைவு அதிகம். செட் செய்த புதிதில் சரியாக இருந்தது, ஐந்தாறு வருஷத்தில் தொளதொளவென்று ஆவது இதனால்தான். செட்டில் கோளாறு என்று நினைக்கிறோம். அடியில் இருக்கும் தரைதான் இறங்கிவிட்டது.

இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியம் உலோகத்தில் செய்த சின்னத் திருகாணி. தாடை எலும்பில் அதைப் பதித்துவிட்டால், சில மாதங்களில் எலும்பு அதை வேற்றுப் பொருளென்று தள்ளாமல் தன்னோடு சேர்த்துக் கொள்ளும். ஸ்வீடன் நாட்டு டாக்டர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-இல் முயல் எலும்பில் வேறு எதையோ ஆராயப் போய், பதித்த டைட்டானியம் திரும்ப எடுக்க வராமல் ஒட்டிக் கொண்டதைக் கண்டாராம். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக வைத்தார். அவர் 2006-இல் காலமாகும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்த இம்ப்ளாண்டுகள் உழைத்தன. இதை டாக்டரம்மா சொன்ன பிறகுதான், "எலும்பிலே ஆணியா!" என்று அலறிய அம்மா சற்று அடங்கினாள்.

தைத்ததும், பட்டன் வைத்ததும்

ஓரிரு பல் மட்டும் போனவர்களுக்குப் பெரும்பாலும் கழற்றாத பல்லே வைத்து விடுவார்கள். எல்லாப் பல்லும் போனவர்களுக்குத்தான் 'கழற்றுவதா, கழற்றாததா?' என்ற கேள்வி வருகிறது. நம் தையல் பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும்.

கழற்றாதது என்பது தைத்துவிட்ட மாதிரி. கீழ்த்தாடையில் நான்கு அல்லது அதற்கு மேல் திருகாணி பதித்து, ஒரே துண்டாகச் செய்த பல் வரிசையை அவற்றின் மேல் முடுக்கி விடுவார்கள். நாம் கழற்ற முடியாது, தேவைப்பட்டால் டாக்டர் கழற்றுவார். கடிக்க உறுதியானது. சொந்தப் பல் போலவே தோன்றும்.

கழற்றி மாட்டுவது என்பது ரவிக்கைக்குப் பிரஸ் பட்டன் வைத்த மாதிரி. கீழ்த்தாடையில் இரண்டு திருகாணி போதும். அவற்றின் தலையில் ஒரு குமிழ், செட்டின் அடியில் அதற்குப் பொருத்தமான வளையம். அழுத்தினால் 'டிக்'கென்று உட்காரும். பேசும்போதும் சாப்பிடும்போதும் எழும்பாது. இழுத்தால் வந்துவிடும், கழுவி வைக்கலாம். மேல்தாடையில் இந்த வகை செய்வதானால் எலும்பு மென்மை என்பதால் குறைந்தது நான்காவது வேண்டும் என்கிறார்கள்.

செலவு என்று பார்த்தால், திருகாணி கூடக் கூட, பட்டறை வேலை கூடக் கூடச் செலவும் ஏறும். எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்குதான் அத்தைக்கு ஆயிற்று. இரண்டு பேருக்குமே மேல் செட் சாதாரணமானதுதான்.

அம்மா ஏன் அதைக் கேட்டாள்?

அப்போது அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை கிடையாது. பூத்தொடுக்க உட்கார்ந்தால் அவள் கை வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது. ஸ்கேனில் எலும்பும் நன்றாக இருந்தது. "ராத்திரி பல்லைக் கழட்டி டம்ளர்லே போட்டு வைக்கிறதை நெனச்சாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. செலவானாலும் சரி, கழட்டாததையே வைங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். தம்பியும் சரியென்றான்.

இப்போது சாத்தூர் சேவைக் கடித்துச் சாப்பிடுகிறாள். ஆனால் அதோடு வந்த வேலையையும் சொல்ல வேண்டும். பல் வரிசைக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. கீரை, கறிவேப்பிலை, தேங்காய்ச் சக்கை எல்லாம் அங்கே போய் ஒளிந்து கொள்ளும். தினமும் ராத்திரி கண்ணாடி முன் நின்று, அதற்கென்று உள்ள நூலை அடியில் விட்டு இழுத்து, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகிறது. அம்மா அலுக்காமல் செய்கிறாள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுகிறாள்.

இன்னொன்று, கீழே உறுதியானதும் மேல் செட் முன்னைவிட ஆட ஆரம்பித்தது. கீழ்ப்பல் பலமாகக் கடிப்பதால் அப்படி ஆவதுண்டாம். உள்பக்கம் மறுபடி பூசி அளவாக்கித் தந்தார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயந்திருக்க மாட்டோம்.

சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். எங்கள் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு வெளியூரில் கழற்றாத பல் வைத்தார்கள். அடியில் எப்படித் துப்புரவு செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை. அவரும் வழக்கம்போல மேலே மட்டும் தேய்த்து வந்தார். நாலு வருஷத்தில் ஈறு வீங்கிச் சீழ் வைத்து, சுற்றிலும் எலும்பு கரைந்து, ஒரு திருகாணியை எடுக்கும்படி ஆகிவிட்டது. இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைத் தாங்கும் ஈறுக்கும் எலும்புக்கும் நோய் வரும். ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காது என்பதுதான் ஆபத்து.

அத்தையிடம் யாருமே கேட்கவில்லை

அத்தைக்கு 2023-இல் 73 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. மூட்டுவாதத்தால் விரல்கள் காலையில் மடங்காது. வெளிநாட்டில் இருக்கும் என் கொழுந்தனார் ஃபோனில், "பணம் நான் அனுப்புறேன் அண்ணி. உங்க அம்மாவுக்கு வச்சதையே வைங்க. எங்கம்மாவுக்கு மட்டும் எதுக்குக் கழட்டி மாட்டுறது?" என்றார். அதில் பாசமும் இருந்தது, கொஞ்சம் ரோஷமும் இருந்தது. என் வீட்டுக்காரரும் அதற்கு ஆமாம் போட்டார். எனக்கோ, வேறு மாதிரி பேசினால் 'தன் அம்மாவுக்கு ஒசத்தி, மாமியாருக்கு மட்டமா?' என்று சொல் வந்துவிடுமே என்று பயம். வாயைத் திறக்கவில்லை. ஆளுக்கு ஆள் பேசினோம், அத்தையிடம் மட்டும் கேட்கவில்லை.

டாக்டரம்மாதான் கேட்டார்: "பாட்டி, இவங்க சொல்றது இருக்கட்டும். உங்களுக்கு என்ன வேணும்?"

அத்தை யோசிக்கவே இல்லை. "மார்கழியிலே முப்பதும் சொல்லணும், பல்லு துள்ளக் கூடாது. அப்புறம், ராத்திரி கழட்டிக் கழுவி வச்சாத்தான் எனக்கு வாய் சுத்தமான மாதிரி இருக்கும். பழகிப்போச்சு."

"நூல் விட்டுச் சுத்தம் பண்ண இந்த விரல் வருமா?"

"பூவே தொடுக்க வரலே. நூலுக்கு எங்கே போக?"

டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "எது ஒசத்தின்னு கேக்காதீங்க, யார் வாய்க்குன்னு கேளுங்க. இன்னும் பத்து வருஷம் கழிச்சு இவங்க படுத்துட்டாங்கன்னா, கழற்றாத பல்லை வாய்க்குள்ளே விளக்கிவிடுறது கஷ்டம். கழற்றுறதுன்னா நீங்க எடுத்துக் கழுவி மாட்டி விடலாம். அதையும் யோசிங்க" என்றார்.

அவர் இன்னொரு தகவலும் சொன்னார். 1990-களில் கனடாவின் மாண்ட்ரீல் நகரில், கீழ்ப்பல் இல்லாதவர்களுக்கு இரண்டு வகையும் செய்து கொடுத்து, ஒன்றைச் சில வாரம், மற்றதைச் சில வாரம் போடச் சொல்லி, கடைசியில் பிடித்ததை வைத்துக் கொள்ளச் சொன்னார்களாம். ஏறக்குறைய சரிபாதிப் பேர் கழற்றாததையும், மீதிப் பேர் கழற்றுவதையும் எடுத்துக் கொண்டார்கள். முதல் வகைக்காரர்கள் உறுதியும் கடிக்கிற வசதியும் முக்கியம் என்றார்கள். மற்றவர்கள் சுத்தம் செய்யும் வசதிதான் முக்கியம் என்றார்கள். பிறகு 2002-இல் அதே நகரில் பல நாட்டு நிபுணர்கள் கூடி, கீழ்ப்பல் முழுவதும் இல்லாதவர்களுக்கு இரண்டு இம்ப்ளாண்ட் வைத்துக் கழற்றி மாட்டும் செட் தருவதையே முதல் சிகிச்சையாக நினைக்க வேண்டும் என்று கருத்துச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் 'மட்டம்' என்ற எண்ணம் எங்களை விட்டுப் போயிற்று. கொழுந்தனாருக்கு அத்தையே ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் விரல் மடங்காதவர்களுக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வளையம் இறுக்கமாக இருந்தால் செட்டைப் பிடித்து இழுக்கவே முடியாது. அதனால் முதலில் மாதிரித் தாடையில் மாட்டிக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்கள். அத்தையின் கைக்கு ஏற்ற இளக்கமான வளையமாகப் போட்டார்கள். இதைக் கேட்டு வாங்க வேண்டும் சகோதரிகளே, எல்லாரும் தாமாகச் செய்வார்கள் என்று இருந்துவிடக் கூடாது.

முடிவு செய்யுமுன் கேட்டுக் கொள்ள வேண்டியவை

• போட்டுக் கொள்பவரின் ஆசை என்ன? கடித்துச் சாப்பிடுவதா, பேச்சா, முகத் தோற்றமா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறாக இருக்கலாம்.

• கை எப்படி, கண் எப்படி? நூல் கோக்க முடிகிறவர்கள்தான் கழற்றாத பல்லைத் தாமே பராமரிக்க முடியும். தண்ணீர் பீய்ச்சும் கருவி உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

• பல் போய் எத்தனை வருஷமாயிற்று? எலும்பு நிறையக் கரைந்து கன்னமும் உதடும் உள்ளே போயிருந்தால், செட்டில் உள்ள ரோஸ் நிற ஈறுப் பகுதி உதட்டைத் தாங்கி முகத்தை நிரப்பும். முக்கியமாக மேல்தாடையில் இதைக் கவனிக்க வேண்டும்.

• சர்க்கரை இருந்தால் மூன்று மாத சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை செய்து கையோடு கொண்டு போங்கள். கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை.

• எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கழுத்து-தாடைப் பகுதியில் கதிர் சிகிச்சை பெற்றவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. புகையிலை போடுகிற பாட்டிமார்கள் அதை விட்டே ஆகவேண்டும்.

• மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். திருகாணி மட்டுமா, மேலே வைக்கும் பல்லும் சேர்ந்ததா, ஸ்கேன் தனியா, வளையம் மாற்ற எவ்வளவு, பல் உடைந்தால் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். என்ன கம்பெனி, என்ன அளவு என்று போட்ட அட்டையையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு வேறு ஊரில் காட்ட நேர்ந்தால் அது இல்லாமல் திண்டாட வேண்டி வரும்.

• 'ஒன்றும் வேண்டாம், சாதாரண செட்டே போதும்' என்பதும் ஒரு வழிதான். பழைய செட்டின் உள்பக்கம் புதிதாகப் பூசி அளவாக்கினாலே சிலருக்குச் சரியாகிவிடும். அதையும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டும் தெரியாமல் தவிப்பவர்கள் முதலில் இரண்டு திருகாணியோடு கழற்றும் வகையைச் செய்து கொள்ளலாம். எலும்பும் பணமும் இடம் கொடுத்தால் பிறகு கூடுதலாகப் பதித்துக் கழற்றாததாக மாற்ற வழியுண்டு. ஆரம்பத்திலேயே டாக்டரிடம் சொல்லி வைத்தால் அதற்கேற்ற இடத்தில் பதிப்பார்.

கழற்றும் பல்லுக்குப் பக்குவம்

கழற்றுவது என்றால் பராமரிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அத்தை வாயில் மாட்டிக் கடித்தே உட்கார வைத்துக் கொண்டிருந்தார். ஒன்பது மாசத்தில் வளையம் பழுதாகித் தொளதொளத்துவிட்டது. இரண்டு விரலாலும் சமமாக அழுத்தித்தான் மாட்ட வேண்டும், கடித்து மாட்டக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துப் புது வளையம் போட்டுத் தந்தார். பத்து நிமிஷ வேலை. எப்படியும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

கழுவும்போது பேசினில் தண்ணீர் நிரப்பிக் கொள்ளுங்கள் அல்லது துண்டு மடித்துப் போட்டுக் கொள்ளுங்கள், கை தவறினாலும் உடையாது. மிருதுவான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். பற்பசை சொரசொரப்பாகக் கீறிவிடும், வெந்நீர் வளைத்துவிடும். ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள், காயவிடக் கூடாது. செட்டை எடுத்த பிறகு குமிழ் இரண்டையும் சுற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எங்கள் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அதையே துண்டுகளாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டு அத்தையிடம் கொடுத்திருக்கிறேன்.

கீழ்த்தாடையில் பதித்த திருகாணி எலும்போடு சேர மூன்று, நான்கு மாசம் ஆகும் என்றிருந்தார்கள். ஆவணியில் பதித்தார்கள். மார்கழிக்குள் ஆகிவிடுமா என்று அத்தை நாள் எண்ணிக் கொண்டிருந்தார். பல் மாட்டும்போது மார்கழி பிறந்து நாலு நாள் ஆகிவிட்டது. "போனது போகட்டும்" என்று ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டார். நானும் துணைக்குப் போனேன். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பழக்க தோஷத்தில் கை வாயருகே போகும், பிறகு இறங்கிவிடும். பத்தாவது பாசுரத்துக்கு மேல் கை மடியை விட்டு எழவே இல்லை.

திரும்பி வரும்போது, "உங்கம்மா பல்லு மாதிரி சேவு கடிக்க வராதுதான். எனக்கு அது வேண்டாம்" என்றார்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எனக்கு முப்பது பாட்டும் தெரியாது, சேவுதான் தெரியும்" என்று சிரித்தாள்.

உங்கள் வீட்டிலும் வயதான அம்மாவோ அத்தையோ பனி, குளிர், பசியில்லை என்று ஏதாவது சொல்லிக் கொண்டு ஒதுங்கினால், வாயைக் கொஞ்சம் காட்டச் சொல்லிப் பாருங்கள். டாக்டரிடம் போகுமுன் அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் அதைக் கடைசியில் கேட்டோம்.